13 அடி கேம்பரில் இரண்டு பேர்: துணிமணியும் சாமானும் அடுக்க முழுமையான வழிகாட்டி

அரிசோனா மாநிலம், ஃபிளாக்ஸ்டாஃபுக்கு வெளியே ஒரு பைன் காடு. நவம்பர் மாதம், ராத்திரி இரண்டு மணி இருக்கும். குளிர் தாங்காமல் விழித்துக்கொண்டேன்.

"என்னங்க, அந்தக் கம்பளி ஸ்வெட்டரை எங்க வச்சீங்க?"

"நாம படுத்திருக்கோம்ல, இதுக்கு அடியிலதான்."

எங்கள் கேம்பர், வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீடு. அதில் தனியாகக் கட்டில் கிடையாது. பகலில் ஒரு மேசையும் இரண்டு பெஞ்சும். ராத்திரி மேசையை இறக்கி, மேலே மெத்தைத் துண்டுகளைச் சேர்த்துப் போட்டால் படுக்கை. ஸ்வெட்டர் அந்தப் பெஞ்சுக்குள் இருந்தது. அவர் எழுந்து போர்வையோடு கதவோரம் ஒண்டி நின்றார். நான் மெத்தையைச் சுருட்டி, பலகையைத் தூக்கித் தலையால் முட்டுக்கொடுத்து, மடக்கு நாற்காலிப் பையை வெளியே எடுத்து, அதற்குக் கீழே இருந்த மழைக்கோட்டு மூட்டையையும் எடுத்த பிறகுதான் கம்பளி கையில் பட்டது. மறுபடி எல்லாவற்றையும் உள்ளே தள்ளிப் படுத்தபோது தூக்கம் போயே போய்விட்டது.

காலையில் காப்பி குடிக்கும்போது விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு ஸ்வெட்டருக்குப் பதினோரு அசைவு! அதுவரை 'இடம் போதவில்லை' என்றுதான் இருவரும் புலம்பிக்கொண்டிருந்தோம். உண்மையில் பெஞ்சுக்குள் இடம் மிச்சம் இருந்தது. நாங்கள்தான் இடம் கிடைத்த பக்கமெல்லாம் சாமானைத் திணித்திருந்தோம். அன்றிலிருந்து எதை எங்கே வைப்பதென்றாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இது கைக்கு வர எத்தனை அசைவு வேண்டும்? கீழே வரும் அத்தனையும் இந்தக் கேள்வியை வைத்து நாங்கள் ஒவ்வொன்றாகச் சரிசெய்ததுதான்.

எங்களுடையது முட்டை வடிவ ஃபைபர்கிளாஸ் டிரெய்லர். 1968-இல் கனடாவின் வினிபெக்கில் போலர் என்ற பெயரில் இந்த வகை தொடங்கியது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஸ்காம்ப் வந்தது. மேலோடு ஒன்று, கீழோடு ஒன்று, இரண்டையும் நடுவில் சேர்த்திருப்பார்கள். 13 அடி என்பது முன்னால் நீட்டியிருக்கும் இழுவைக் கம்பியையும் சேர்த்த கணக்கு. உள்ளே நீளம் 10 அடி, அகலம் ஆறரை அடி சொச்சம், அவ்வளவுதான். ஊரில் ஒரு நடுத்தர வீட்டுச் சமையலறை அளவு. அதில் அடுப்பு, சிங்க், படுக்கை, துணி எல்லாமே இருந்தாக வேண்டும். நீங்கள் வேனிலோ, பிக்கப் டிரக்கின் முதுகில் ஏற்றும் கேம்பரிலோ இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

முதலில் எடை

அழகழகான டப்பா வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். அமெரிக்காவில் விற்கும் டிரெய்லர்களில் மஞ்சள் நிறம் கலந்த ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஏற்றும் சரக்கு இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். சின்ன டிரெய்லரில் இந்த எண் நாம் நினைப்பதைவிடக் குறைவு. தண்ணீரும் அதில்தான் கணக்காகும். 12 கேலன் தொட்டி நிறைந்தால் மட்டுமே 45 கிலோ.

இன்னொன்று, எடை எங்கே இருக்கிறது என்பது. டிரெய்லரின் மூக்கு இழுக்கும் வண்டியின் மேல் அழுத்துகிற எடையை டங் வெயிட் என்பார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இருக்க வேண்டும். 900 கிலோ டிரெய்லர் என்றால் 90 முதல் 135 கிலோ. பின்பக்கம் கனத்து மூக்கு லேசாகிவிட்டால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும், வண்டியையே கவிழ்த்துவிடும். எங்களுடையதைப் போலப் பின்பக்கம் படுக்கை உள்ள டிரெய்லரில், படுக்கைக்கு அடியில் இருப்பதுதான் பெரிய இடம். அதனால் புத்தகம், இரும்புச் சட்டி, கருவிப்பெட்டி எல்லாம் தன்னால் அங்கே போய்ச் சேரும். அதை விட்டுவிடாதீர்கள். கனமானவை சக்கரத்துக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ, தரையோடு இருக்கட்டும். பின் பெஞ்சுக்குள் துணி, போர்வை மாதிரி லேசானவை. தலைக்கு மேல் அலமாரியில் அதைவிட லேசானவை.

நாங்கள் ஒவ்வொரு பையையும் சூட்கேஸ் தூக்கி நிறுக்கும் சின்னத் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதினோம். இருவர் துணியும் படுக்கை விரிப்புகளும் சேர்ந்து 24 கிலோ வந்தது. சமையல் சாமான் 31 கிலோ, அதுதான் எங்களுக்கு அதிர்ச்சி. பிறகு லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் எடைமேடையில் ஏற்றியும் பார்த்துக்கொண்டோம். சில டாலர்தான் ஆகும், மனம் நிம்மதியாகிவிடும்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்புங்கள்

வெயில் உள்ள ஒரு நாளில், தரையில் பெரிய தார்ப்பாய் விரித்து, கேம்பரில் உள்ள அத்தனையையும் இறக்குங்கள். ஸ்பூன் வரைக்கும். பாதி காலி செய்து பாதியை உள்ளேயே விட்டால் பழைய ஒழுங்குக்கே திரும்பிவிடுவீர்கள். பரப்பியதை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: போன வாரம் தொட்டது, போன மாதம் தொட்டது, அதற்கும் முன்னால் தொட்டது.

மூன்றாவது குவியலில் மருந்து, ஸ்டெப்னி மாற்றும் கருவி, தீயணைப்பான் போன்றவற்றைத் தவிர மற்ற எல்லாமே கேள்விக்குரியவை. ஆனாலும் ஒரு சலுகை வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு செருப்புப் பெட்டி அளவு, எந்தக் கேள்வியும் கேட்காமல். என்னுடையதில் அம்மாவின் குங்குமச்சிமிழும் சில கடிதங்களும் இருக்கின்றன. அவர் என்ன வைத்திருக்கிறார் என்று நான் கேட்டதில்லை. சின்ன இடத்தில் இருவர் வாழும்போது ஆளுக்கு ஒரு மூடிய பெட்டி இருப்பது சாமான் விஷயம் மட்டும் இல்லை.

ஒரே பொருள் இரண்டு இருந்தால் ஒன்று போகட்டும். கத்தரிக்கோல் மட்டும் எங்களிடம் நான்கு இருந்தது.

ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

இடம் ஒதுக்குவதற்கு முன், எழுந்ததிலிருந்து படுக்கும் வரை எது எது கையில் ஏறுகிறது என்று வரிசையாக எழுதுங்கள். கண்ணாடி, செருப்பு, தண்ணீர் பாட்டில், காப்பி டம்ளர், ஸ்வெட்டர், சாவி என்று நீளும். பட்டியல் தயாரானதும் ஒவ்வொன்றுக்கும் அசைவு எண் கொடுங்கள்.

தினமும் பலமுறை எடுப்பது ஒரே அசைவில் வர வேண்டும், அதாவது கை நீட்டினால் கிடைக்க வேண்டும். தினம் ஒருமுறை எடுப்பதற்கு இரண்டு அசைவு வரை சரி: கதவைத் திற, எடு. வாரம் ஒருமுறை எடுப்பதற்கு நான்கு. பருவத்துக்கு ஒருமுறை எடுப்பதற்கு எத்தனை ஆனாலும் பரவாயில்லை, அதுதான் பெஞ்சின் அடியாழத்துக்குப் போக வேண்டியது.

மேசை படுக்கையாக மாறும் கேம்பரில் இதோடு இன்னொரு விதியும் உண்டு. பகலில் எட்டும் இடம் ராத்திரி எட்டாது. அதனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் தேவைப்படக்கூடிய எதுவும் பெஞ்சுக்குள் போகக் கூடாது. டார்ச், மாத்திரை, தண்ணீர், சாக்ஸ், கனத்த ஸ்வெட்டர், வெளியே போக ஒரு செருப்பு. இதற்கென்று தலைமாட்டுச் சுவரில் ஒரு துணிப்பை தைத்து மாட்டினேன். பழைய ஜீன்ஸின் பின்பாக்கெட்டுகளை வெட்டி, ஒரு கெட்டித் துணியில் இரண்டு வரிசையாகத் தைத்தது. இருட்டில் கையை விட்டாலே எந்தப் பாக்கெட்டில் கண்ணாடி, எதில் டார்ச் என்று விரலுக்குத் தெரியும்.

அந்தக் கம்பளி ஸ்வெட்டருக்கும் இடம் கிடைத்தது. இருவர் ஸ்வெட்டரையும் மடித்து ஒரு ஜிப் வைத்த தலையணை உறைக்குள் போட்டுவிட்டேன். பகலில் பெஞ்சில் சாய்ந்துகொள்ளத் திண்டு, ராத்திரி காலடியில் கிடக்கும். இப்போது இரண்டே அசைவு.

துணி: எத்தனை, எது

கேம்பர் வாழ்க்கையில் துணியின் எண்ணிக்கையை முடிவு செய்வது அலமாரியின் அளவு இல்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்கப் போகிறீர்கள் என்பதுதான். நாங்கள் வாரம் ஒருமுறை துவைக்கிறோம், இரண்டு நாள் தள்ளிப்போகலாம் என்று வைத்துக்கொண்டு ஒன்பது நாள் கணக்கு. அரசுப் பொது நிலங்களில் பெரும்பாலும் ஒரே இடத்தில் 14 நாள் வரைதான் தங்க விடுவார்கள். அந்த 14 நாளும் ஊர்ப்பக்கமே போகாமல் இருக்க நினைப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், அல்லது நடுவில் கையால் துவைக்கலாம்.

என் பங்கு இப்படி: உள்ளாடை ஒன்பது செட். பருத்தி டாப்ஸ் ஐந்து, அதில் இரண்டு முழுக்கை. பேன்ட் மூன்று. நைட்டி இரண்டு. மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளியில் உடம்போடு ஒட்டிய பனியன் ஒன்று, கால்சட்டை ஒன்று. கம்பளி ஸ்வெட்டர் ஒன்று. காற்றும் மழையும் புகாத மேல்கோட்டு ஒன்று. சாக்ஸ் ஆறு ஜோடி, அதில் இரண்டு கம்பளி. நல்லதாக ஒரு சல்வார், ஒரு புடவை. அவர் பங்கு கிட்டத்தட்ட இதேதான். நைட்டிக்குப் பதில் லுங்கி, புடவைக்குப் பதில் வேட்டி சட்டை.

குளிருக்கு ஒரு தடித்த ஜாக்கெட்டை நம்பாமல் அடுக்கடுக்காகப் போடும் துணியை நம்புங்கள். ஃபிளாக்ஸ்டாஃப் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம், அதே மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரம் 330 மீட்டர்தான். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேர ஓட்டம். காலையில் மூன்று அடுக்கோடு கிளம்பி மதியம் ஒரே அடுக்கில் இறங்குவீர்கள். தடித்த ஜாக்கெட் ஒரு பருவத்துக்கு மட்டும் உதவி, மீதி நாளெல்லாம் இடத்தை அடைக்கும். மெல்லிய மூன்று துணி நாலு பருவத்துக்கும் வேலை செய்யும். கேம்பர்க்காரர்களில் பலர் குளிர்காலத்தில் தெற்கே இறங்குவதும் கோடையில் மலையேறுவதும் இதே காரணத்துக்காகத்தான். வெயிலின் பின்னால் போனால் துணி குறையும்.

மெரினோவைப் பற்றி ஒரு வார்த்தை. விலை அதிகம், ஆனால் நாலைந்து நாள் போட்டாலும் வியர்வை நாற்றம் எளிதில் பிடிக்காது. பாலியஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் நாற்றத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பருத்தி உடம்புக்கு இதம், காயத்தான் நேரமாகும். மூன்றையும் கலந்து வைத்துக்கொள்வதே நல்லது.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் அருமையான கேம்பர்த் துணி ஒன்று உண்டு: ஈரிழைத் துண்டு. அமெரிக்கக் கடையில் விற்கும் பஞ்சு பஞ்சான டவல் இரண்டு எங்கள் அலமாரியில் ஒரு தட்டையே அடைத்துக்கொண்டிருந்தது. மழைநாளில் இரண்டு நாள் ஆனாலும் காயாது, ஈரவாடை வேறு. ஊருக்குப் போன தோழி நாலு ஈரிழைத் துண்டு வாங்கி வந்தாள். நாலையும் சேர்த்து மடித்தால் ஒரு புத்தகம் அளவு. பிழிந்து கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்கிறது. தலை துவட்ட, பாத்திரம் துடைக்க, வெயிலில் ஜன்னலுக்குத் திரை போட, அடுப்பிலிருந்து சட்டி இறக்க எல்லாவற்றுக்கும் அதுதான். கெட்டி டவல்களைக் கொடுத்துவிட்டோம்.

அடுக்கும் முறை

ஹேங்கரில் மாட்டுவது சின்னக் கேம்பரில் இடத்தை வீணாக்கும். எங்கள் கதவோரம் ஒரு குறுகலான மாட்டும் அலமாரி இருந்தது. அதில் நடுவே இரண்டு பலகை போட்டு மூன்று தட்டாக்கினோம். மேல்கோட்டுகள் மட்டும் கதவுப் பக்கக் கொக்கியில்.

துணியைச் சுருட்டி, ஜிப் வைத்த சதுரத் துணிப்பைகளில் நிற்க வையுங்கள். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் உள்ளதை எடுக்கும்போது மேலே உள்ளது கலையும். நிற்கவைத்தால் புத்தக வரிசை மாதிரி ஒவ்வொன்றும் தலைகாட்டும், வேண்டியதை மட்டும் உருவலாம். பைகளை ஆள் வாரியாகப் பிரிக்க வேண்டும். என்னுடையது நீலம், அவருடையது சாம்பல். ஆளுக்கு மூன்று: உள்ளாடை சாக்ஸ் ஒன்று, அன்றாடம் போடுவது ஒன்று, பருவத்துக்கானது ஒன்று. முதல் இரண்டும் அலமாரியில், மூன்றாவது பெஞ்சில்.

காற்றை உறிஞ்சிச் சப்பையாக்கும் பிளாஸ்டிக் பைகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அளவு குறையும், எடை குறையாது. இடம் மிச்சமாகிறதே என்று துணி கூடிக்கொண்டே போகும். கொஞ்சம் ஈரத்தோடு உள்ளே போட்டு மூடிவிட்டால் பூஞ்சை நிச்சயம். இறகுப் போர்வை, இறகு ஜாக்கெட்டை மாதக்கணக்கில் நசுக்கி வைத்தால் அதன் உப்பலும் கதகதப்பும் போய்விடும்.

பட்டுப்புடவை ஒன்றாவது வேண்டும் என்பவர்களுக்கு: நன்றாகத் துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம். மாதம் ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்தில் விட்டுப்போகும். பூச்சிக்கு அந்துருண்டை போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி நல்லதல்ல; வீட்டு பீரோவில் வைப்பது வேறு, அதே மூடிய அறையில் பக்கத்திலேயே படுத்துத் தூங்குவது வேறு. நான் வெட்டிவேர் முடிச்சு வைக்கிறேன், வாசனைக்காக.

காலணி ஆளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம்: நடக்கும் ஷூ, செருப்பு, குளிக்கப் போக ரப்பர் செருப்பு. கதவுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப் வைத்து அதற்குள்ளேயே கழற்றுங்கள். மண் அந்த டப்போடு நின்றுவிடும்.

ஈரம்தான் பெரிய எதிரி

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஓரிகன் கடற்கரையில் ஒரு மழைக்காலம் மூன்று வாரம் இருந்தோம். கிளம்புகிற அன்று பின் பெஞ்சைத் திறந்தேன். அம்மாவின் மதுரைச் சுங்குடி, சுவரை ஒட்டியிருந்த பையில். வெளியே எடுத்தபோது கையில் சில்லென்று ஒட்டியது. கீழ் மடிப்பு நெடுக, கடுகு இறைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். பலகையின் அடியிலும் வியர்த்து நின்றது. கூரை ஒழுகியதா என்று தேடினோம், ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அத்தனையும் எங்கள் மூச்சு.

இரண்டு பேர் ஒரு ராத்திரி மூச்சுவிட்டு வியர்த்தால் சுமார் அரை லிட்டர் தண்ணீர் காற்றில் சேரும். கேஸ் அடுப்பு எரிந்தாலும் தண்ணீர்தான் வரும்: ஒரு கிலோ புரொபேன் கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி. இதெல்லாம் குளிர்ந்த ஃபைபர்கிளாஸ் சுவரில் பட்டதும் நீராகி, வழிந்து, பெஞ்சுக்குள்ளும் மெத்தைக்கு அடியிலும் இறங்கும். அங்கே காற்றோட்டம் கிடையாது.

இதற்கு நாங்கள் செய்தவை. பெஞ்சுக்குள் வெளிச்சுவரை ஒட்டிப் பை படாதபடி இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு ஒரு மெல்லிய பலகை அடித்தோம். பெஞ்சின் அடித்தரையில் மரச் சட்டங்கள் போட்டு அதன்மேல் பைகளை வைத்தோம். பெஞ்சின் முன்பக்கப் பலகையில் வட்டமாக ஓட்டைகள் போட்டு வலை அடித்தோம். காலை எழுந்ததும் மெத்தையை மடக்கிச் சுவரில் சாய்த்து, அரை மணி நேரம் அடியில் காற்றுப் பட விடுகிறோம். கூரை ஜன்னலை எந்தக் குளிரிலும் ஒரு விரற்கடை திறந்தே வைக்கிறோம், எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலையும் அப்படியே. குளிர் கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும். துணி பிழைக்கும்.

ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி மாட்டுங்கள். 60 சதவீதத்துக்கு மேல் ஏறியே நின்றால் ஏதாவது செய்ய வேண்டும் என்று அர்த்தம். ஈரத்துணியை உள்ளே அடுப்பை மூட்டிக் காயவைப்பது மட்டும் கூடவே கூடாது. ஈரம் ஏறும் என்பதோடு, மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரை எடுத்துவிடும். அதைக் கண்டுபிடித்து அலறும் கருவி எல்லாக் கேம்பரிலும் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும்.

சுங்குடியின் புள்ளிகள் முழுதும் போகவில்லை. இப்போதும் கட்டுகிறேன், அந்த மடிப்பு உள்ளே போகிற மாதிரி.

அழுக்கும் துவைப்பும்

அழுக்குத் துணிக்கு இரண்டு பை வேண்டும். உலர்ந்த அழுக்குக்கு இறுக்கிக் கட்டும் துணிப்பை. படுக்கையின் காலடி மூலையில் கிடக்கும். ஈர அழுக்குக்கு வலைப்பை. கேம்பருக்கு வெளியே, மழை படாமல் தொங்கும். இரண்டும் கலந்தால் ஒரே நாளில் எல்லாம் நாறும்.

கையால் துவைக்க: 5 கேலன் பக்கெட், அதாவது சுமார் 19 லிட்டர், இறுக்கித் திருகும் மூடியோடு வாங்குங்கள். உள்ளாடை, துண்டு, கொஞ்சம் சோப்பு, பாதித் தண்ணீர். மூடி, வண்டியில் கவிழாமல் கட்டிவிட்டு ஓட்டுங்கள். மேடுபள்ளச் சாலையில் ஒரு மணி நேரம் போனால் நன்றாக அலசி எடுத்திருக்கும். அலசும் தண்ணீர் மட்டும் மாற்றினால் போதும். மற்ற நேரத்தில் அதே பக்கெட் அரிசி, பருப்பு வாங்கி வரும் கூடை, உட்கார முக்காலி.

பெரிய துவைப்புக்கு ஊருக்குள் இருக்கும் காசு போட்டுத் துவைக்கும் கடை. 25 சென்ட் நாணயம் எப்போதும் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள், இன்னும் நாணயம் மட்டும் வாங்கும் இயந்திரங்கள் நிறைய இருக்கின்றன. காயவைக்கும் இயந்திரத்தில் பருத்திச் சல்வாரைப் போட்டால் சுருங்கும். அவற்றை ஈரத்தோடு எடுத்து வந்து கொடியில் போடுகிறேன்.

கொடி விஷயத்தில் கவனம் வேண்டும். கேம்பர்களை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் வெளியே கொடி கட்ட விடமாட்டார்கள், மரத்தில் கயிறு கட்டவும் தடை இருக்கும். அதனால் கேம்பருக்குள் நீளவாக்கில் ஒரு கயிறு, ஒரு பக்கம் கொக்கியில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி. பகலில் கூரை விசிறியை ஓடவிட்டுத் துணி போட்டால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.

தாளிப்பு வாசனை

நம் சமையல் செய்கிறவர்களுக்கு இது தனிப் பிரச்சினை. வெங்காயமும் கறிவேப்பிலையும் எண்ணெயில் விழுந்தால் 10 அடிக்குள் உள்ள எல்லாத் துணியும் அதை வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் துணிகள்தான் மோசம். மூன்று வாரம் கழித்து நூலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது என் ஜாக்கெட்டிலிருந்து மீன்குழம்பு வந்தது.

எண்ணெய் காயும் சமையல் எல்லாம் வெளியே, மடக்கு மேசையில் தனி அடுப்பில். மழையென்றால் அன்றைக்கு ரசமும் பருப்பும், தாளிப்பு இல்லாமல் அல்லது வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகத் தாளித்து வைத்த டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன். உள்ளே அடுப்பு மூட்டும்போது துணி அலமாரிக் கதவு மூடியிருக்க வேண்டும், மேல்கோட்டுகள் வண்டிக்குப் போய்விட வேண்டும்.

சாமான் குறைக்க அடுக்குப் பாத்திரத்துக்கு நிகர் இல்லை. மூன்று லிட்டர் குக்கர், அதற்குள் இரண்டு எவர்சில்வர் பாத்திரம், அதற்குள் டம்ளர், அதற்குள் ஸ்பூன். இடைவெளியில் துண்டைத் திணித்தால் ஓட்டத்தில் கடகடக்காது. அஞ்சறைப் பெட்டியை எடுத்துப் போகலாம், ஆனால் மூடி இறுகிப் பூட்டும் வகை வேண்டும். மலைப்பாதையில் ஒருமுறை மஞ்சள்தூள் கொட்டிப் படுக்கை விரிப்பு போனது.

சுவரும் கொக்கியும்

வளைந்த சுவரில் நேர்ப்பலகை உட்காராது. ஃபைபர்கிளாஸில் காந்தமும் ஒட்டாது. திருகாணி போட்டால் வெளியே வந்து நிற்கும், ஓட்டை போட்ட இடமெல்லாம் பின்னால் தண்ணீர் ஒழுகக்கூடிய இடம். எனவே புது ஓட்டை போடுவதைக் கடைசி வழியாக வையுங்கள். இந்த வகை டிரெய்லர்கள் சிலவற்றில் உட்சுவர் முழுக்கக் கம்பளம் மாதிரி ஒரு துணி ஒட்டியிருக்கும். வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் அதில் நன்றாகப் பிடிக்கும். துணிப்பைகளின் முதுகில் வெல்க்ரோ பட்டை தைத்தால் ஓட்டை இல்லாமல் மாட்டலாம், இடம் மாற்றலாம். வழவழப்பான சுவர் என்றால் பசைக் கொக்கி. ஒட்டும் முன் ஆல்கஹாலால் துடையுங்கள். ஒட்டிய பிறகு ஒரு மணி நேரம் எதையும் தொங்கவிடாதீர்கள். பாலைவன வெயிலில் பசை இளகும், அதனால் கண்ணாடிப் பொருளை அதில் நம்ப வேண்டாம்.

தலைக்கு மேல் மூலையில் ஒரு வலைத்தொட்டில் கட்டினால் போர்வை, தொப்பி, வெங்காயம் வரை தாங்கும்.

காகிதம், மருந்து, ஒயர்

பாஸ்போர்ட், வண்டிப் பதிவு, காப்பீடு எல்லாம் தீயில் தாங்கும் ஒரே பையில், கதவுக்கு அருகே. ஏதாவது ஆனால் அந்தப் பை மட்டும் கையோடு வர வேண்டும், ஒரே அசைவில். மருந்துகளைக் கூரையோரம் வைக்காதீர்கள், கேம்பரில் சூடு மேலேதான் நிற்கும். தரையோடு, நிழற்பக்கம். பவர் பேங்கும் அப்படியே. ஒயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி, ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஜிப் பையில்.

கிளம்பும் முன்

ஓடும் கேம்பரில் நிற்பதெல்லாம் நடக்கும், மூடியதெல்லாம் திறக்கும். காந்தத் தாழ்ப்பாள் போதாது. அழுத்தினால் பூட்டி, மறுபடி அழுத்தினால் திறக்கும் வகை நல்லது. அது இல்லாத கதவுகளுக்கு இரண்டு கைப்பிடியையும் சேர்த்து ஒரு எலாஸ்டிக் கயிறு. தட்டுகளின் முன்னால் அழுத்திப் பொருத்தும் ஸ்பிரிங் கம்பி ஒன்று.

எங்கள் வரிசை: அலமாரிகள், கூரை ஜன்னல், கேஸ் சிலிண்டர் வால்வு, கொடிக்கயிறு, ஷூ டப், பக்கெட். நான் சொல்லச் சொல்ல அவர் தொட்டுப் பார்ப்பார். பிறகு இடம் மாறி அவர் சொல்வார், நான் தொடுவேன். பத்து மைல் போனதும் ஓரமாக நிறுத்தி, உள்ளே போய் எது உருண்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரே பொருள் மூன்று பயணத்தில் மூன்று முறை உருண்டால் அதன் இடம் தப்பு. அன்று சாயங்காலமே அதற்கு வேறு இடம் பாருங்கள். எங்கள் டார்ச் நாலு இடம் மாறி இப்போது ஜீன்ஸ் பாக்கெட்டின் கீழ்வரிசையில், இடதுகைப் பக்கம் இருக்கிறது.